ஒரு பென்சிலும் ஒரு முகமும்

வரைவதற்கு மிகக் கடினமான பொருள் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நீராவி எஞ்சின், தவளையின் இதயம், இந்தியாவின் கடற்கரைக் கோடு என்று பலவற்றைச் சொல்லலாம். உண்மையில் நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு முகந்தான் இவை எல்லாவற்றையும்விடக் கடினம். எஞ்சின் படத்தில் ஒரு குழாய் கொஞ்சம் தள்ளிப் போனால் யாரும் கவனிக்கப் போவதில்லை. உங்கள் தாத்தாவின் உதட்டோரம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் அவர் வேறு யாரோ ஆகிவிடுவார். வீட்டிலுள்ள நான்கு வயதுக் குழந்தைகூட "இது தாத்தா இல்லை" என்று சொல்லிவிடும்.

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். மேலே படிக்குமுன் ஒரு தாளை எடுத்து, யாரையும் பார்க்காமல், நேராக நம்மை நோக்கும் ஒரு முகத்தைப் பென்சிலால் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை; தலையும் கண்ணும் மூக்கும் வாயும் இருந்தால் போதும். வரைந்தாயிற்றா? இப்போது உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளவுகோலால் அளந்து, கண்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அவை நடுவுக்கு மேலே, நெற்றியை ஒட்டி ஏறி உட்கார்ந்திருக்கும். அடுத்து, பக்கத்தில் இருக்கும் நண்பரின் தலையை அளந்து பாருங்கள். முடியை அழுத்தி ஓர் அட்டையை உச்சந்தலையின்மேல் படுக்கையாக வைத்துக்கொண்டால் அளப்பது எளிது. கண்கள் ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கும்! கண்ணுக்குக் கீழே எவ்வளவு முகம் உண்டோ, கிட்டத்தட்ட அவ்வளவு தலை கண்ணுக்கு மேலேயும் இருக்கிறது.

வியப்பாக இருக்கிறதல்லவா? பிறந்தது முதல் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் முகத்தின் பாதி எங்கே வருகிறது என்பது நமக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. யார்பஸ் என்ற ரஷ்ய அறிஞர், ஒரு படத்தைப் பார்க்கும்போது மனிதனின் விழிகள் எங்கெங்கே செல்கின்றன என்பதைக் கருவிகொண்டு பதிவு செய்தார். அவர் நூல் 1960-களில் வெளிவந்தது. ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்தவர்களின் விழி ஓடிய பாதையை அவர் கோடுகளாகத் தந்திருக்கிறார். அந்தக் கோடுகள் கண்களையும் உதடுகளையும் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன. நெற்றியையும் தலைமுடியையும் விழி அதிகம் பொருட்படுத்துவதே இல்லை. செய்தி இருக்கும் இடத்துக்கே கண் போகிறது. செய்தி இல்லாத இடத்தை மனம் சுருக்கி வைத்துக்கொள்கிறது. அப்படிச் சுருக்கி வைத்த கணக்கைத்தான் நம் கை தாளில் எழுதுகிறது.

பென்சிலால் முகம் வரைவது ஓவியர் ஆகப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும், அதிலும் அறிவியல் படிக்க நினைப்பவர்கள், ஆண்டுக்குச் சில முறையாவது ஓர் உயிருள்ள முகத்தின் எதிரே பென்சிலோடு உட்கார வேண்டும் என்பது என் கருத்து. இருப்பதைப் பார்ப்பது வேறு, தெரிந்ததைப் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். முகம் வரையும்போதோ அது விரல் நுனியில் உறைக்கும். நம் பக்கத்தில் ஓவியத்தைக் கையின் பழக்கம் என்று சொல்வது வழக்கம். கையின் பங்கு சிறிது, பெரும்பங்கு கண்ணுடையது.

இனி அந்தப் பென்சிலைச் சற்றுப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அதன் உள்ளே இருக்கும் கறுப்புக் குச்சியை இன்னமும் காரீயத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். அதில் காரீயம் துளியும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே பாரோடேல் என்ற மலைப் பகுதியில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு கனிமம் கிடைத்தது. அதைக் காரீய வகை என்று நினைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அது கரியின் ஒரு வடிவமே என்பதை 1779-இல் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து வெர்னர் என்ற ஜெர்மானியர், எழுதுதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'கிராஃபைட்' என்று பெயரிட்டார். நம் சிவகங்கை மாவட்டத்திலும் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. இலங்கை மண்ணில் நரம்பு நரம்பாக ஓடும் கிராஃபைட்டோ, தூய்மைக்கு உலகப் பெயர் பெற்றது.

கிராஃபைட்டில் கரி அணுக்கள் தேன்கூட்டைப்போல் அறுகோணங்களாகப் பின்னித் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே தட்டில் உள்ள அணுக்களின் பிடிப்பு மிக வலிமையானது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள பிடிப்போ மிகத் தளர்வானது. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய முப்பது லட்சம் தட்டுகள்! தாளின் நார்கள் அரம்போல் உராயும்போது தட்டுகள் வழுக்கிப் பிரிந்து, செதில் செதிலாக நாரில் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் வரையும் கோடு என்பது அதுதான். இந்தத் தட்டுகளில் ஒன்றை மட்டும் ஒட்டும் நாடாவால் உரித்தெடுத்து 2004-இல் ஆராய்ந்த கெய்ம், நோவோசெலாவ் இருவருக்கும் 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரப்பரால் பென்சில் கோட்டை அழிக்கலாம் என்ற செய்தியை 1770-இல் அச்சில் ஏற்றியவர் யார் தெரியுமா? ஆக்சிஜன் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற பிரீஸ்ட்லிதான். அந்தக் குறிப்பு அவர் ஓவியம் வரையும் முறை பற்றி எழுதிய ஒரு நூலில் இருக்கிறது. அதற்கு முன் ரொட்டித் துணுக்கால் அழித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று உங்கள் பெட்டியில் இருக்கும் பென்சில் ஒரு போரின் விளைவு எனலாம். பிரான்சு இங்கிலாந்தோடு போரில் இறங்கியதும் பாரோடேல் கிராஃபைட் வருவது நின்றது. கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர், மட்டமான கிராஃபைட்டைப் பொடியாக்கிக் களிமண்ணோடு பிசைந்து, குச்சிகளாக்கிச் சூளையில் சுட்டார். 1795-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். களிமண் கூடினால் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும். குறைந்தால் மென்மையாகிக் கோடு கறுக்கும். பென்சிலின் மேல் எச், எச்.பி., 2பி, 4பி என்று நீங்கள் பார்க்கும் எழுத்துகள் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கின்றன. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே எத்தனை சாம்பல் நிறங்கள் வேண்டுமோ அத்தனையும் சில ரூபாய்ச் செலவில் கைக்கு வந்துவிடுகிறது. முகம் வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் முகத்தில் கோடுகளே இல்லை. நண்பரின் மூக்கை உற்றுப் பாருங்கள். நாம் படத்தில் இழுக்கும் அந்த மூக்குக் கோடு எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைத்தான் கோடாக எழுதிக்கொள்கிறோம். கன்னம் எங்கே முடிந்து தாடை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் எல்லைக் கல் எதுவும் நடப்படவில்லை. சாம்பல் நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சாம்பல் நிறத்தைப் படிப்பதிலும் மனம் நம்மை ஏமாற்றும். கண்ணின் வெள்ளைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளை விழி' என்று நமக்குத் தெரியும். அதனால் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவோம். படத்தில் உள்ளவர் பேயைக் கண்டவர்போல் விழிப்பார். ஓர் அட்டையில் சிறு துளையிட்டு, அதன் வழியே எதிரில் இருப்பவரின் விழியை மட்டும் பாருங்கள். மேலிமையின் நிழல் விழுந்து, அந்த 'வெள்ளை' நல்ல சாம்பலாக இருக்கும். கரிய மணிக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அது வெள்ளையாகத் தோன்றுகிறது. ஒரே சாம்பல் நிறமுள்ள இரண்டு தாள் துண்டுகளில் ஒன்றைக் கறுப்புத் தாளின் மேலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின் மேலும் வைத்துப் பார்த்தாலும் இது விளங்கும். கறுப்பின் மேலுள்ளது வெளிறித் தெரியும்.

இங்கே நம் நாட்டு மாணவர்களிடம் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கறுத்த முகத்தை வரையும்போதும் பலர் கன்னத்தையும் நெற்றியையும் வெறும் தாளாக விட்டுவிடுகிறார்கள். வெளுப்பாகக் காட்டுவது மரியாதை என்று நினைக்கிறார்களோ என்னவோ. கறுத்த தோலில் வெளிச்சம் விழும் அழகே தனி. நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் ஒளி பளிச்சென்று நிற்கும். சுற்றிலும் செழுமையான நிழல். பென்சிலுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. அதை அழித்து வெளுக்க வைப்பது பொய்ப் பதிவு. சோதனைச் சாலையில் அளவுமானி காட்டிய எண்ணை மாற்றி எழுதுவதற்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

நிழலைப் படிக்கத் தெரிந்த கண் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1609-ஆம் ஆண்டின் நடுவில், இங்கிலாந்தில் தாமஸ் ஹேரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து அதை வரைந்தார். ஒளிப்பகுதிக்கும் இருட்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை அவர் படத்தில் கரடுமுரடாக இருக்கிறது. ஆங்காங்கே சில திட்டுகளும் உண்டு. ஆனால் அது என்ன என்று அவருக்குப் புலப்படவில்லை. சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டின் இறுதியில், இத்தாலியில் கலிலியோ அதே நிலவைப் பார்த்தார். அவருக்குச் சித்திரம் வரையும் பயிற்சி உண்டு. பந்தின் மேலும் குழியின் உள்ளும் ஒளி எப்படி விழும் என்பது பழகிய விஷயம். இருட்பகுதிக்குள் தனியே மின்னும் புள்ளிகளைக் கண்டதும், அவை விடியல் வெயில் பட்ட மலை உச்சிகள் என்று புரிந்துகொண்டார். தூரிகையும் மையும் கொண்டு அவர் தீட்டிய நிலவில் மேடும் பள்ளமும் தெரிகின்றன. 1610-இல் அவர் நூல் வெளிவந்தது. அதன் பிறகு ஹேரியட் வரைந்த நிலவிலும் பள்ளங்கள் தென்படத் தொடங்கின! கலிலியோவின் தொலைநோக்கி சுமார் இருபது மடங்கு பெரிதாக்குவது, ஹேரியட்டினுடையது ஆறு மடங்குதான் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கண்ணாடி வில்லை மட்டும் அந்த வேலையைச் செய்துவிடவில்லை என்பதே அறிவியல் வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

"கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிடலாமே, அரைமணி நேரம் உட்கார்ந்து ஏன் வரைய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடையாளம் காட்டத்தான் படம் என்றால் புகைப்படமே போதும். அது வேகமானது, துல்லியமானதும்கூட. ஆனால் படம் எடுக்கப் போகிறோம் என்றவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதுகை நிமிர்த்தி, முந்தானையைச் சரிசெய்து, முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார்கள். வரைய உட்கார்ந்தாலும் முதல் ஐந்து நிமிடம் அப்படித்தான் இருக்கும். பத்து நிமிடம் ஆனதும் விறைப்பு தானாகக் கழன்றுவிடும். உதடு தளரும். பார்வை ஜன்னலுக்கு வெளியே எங்கோ போகும். அப்போது தெரிகிற முகம், நாம் அன்றாடம் காணாத முகம். உங்கள் பாட்டியை அரைமணி நேரம் பேசாமல், வேறு எதையும் செய்யாமல், நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு என்றைக்காவது இருந்திருக்கிறீர்களா? பென்சில் கையில் இல்லாமல் அப்படிப் பார்த்தால் "என்னடா அப்படிப் பார்க்கிறே?" என்று கேட்டுவிடுவார்கள். பென்சில் இருந்தால் அதற்கு ஓர் அனுமதி கிடைக்கிறது.

புகைப்படம் பிறக்குமுன் இந்த வேலையில் கரைகண்டவர் ஆங்ர் என்ற பிரெஞ்சு ஓவியர். நெப்போலியன் வீழ்ந்த 1815-க்குப் பின் ரோம் நகரில் அவருடைய பிரெஞ்சுப் புரவலர்கள் கலைந்துபோக, வயிற்றுப் பாட்டுக்காக அங்கு வந்த பயணிகளைப் பென்சிலால் வரைந்தார். நன்கு சீவிய கடினமான பென்சில், வழவழப்பான தாள். உடையை நாலைந்து கோடுகளில் முடித்துவிடுவார். முகத்தில் மட்டும் மூச்சுவிடுவதுபோல் மெல்லிய நிழல் போடுவார். பாகனீனி என்ற பெரும் வயலின் கலைஞரை 1819-இல் அவர் வரைந்த படம் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆங்ருக்கே வயலின் வாசிக்கத் தெரியும். வில்லையும் வயலினையும் பற்றிய விரல்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இந்தப் படங்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. "சின்னப் படங்கள் வரைபவர் வீடு இதுதானா?" என்று யாரோ கேட்டதற்கு, இல்லை, இங்கே குடியிருப்பவர் ஓவியர் என்று கோபமாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார் என்று ஒரு கதை உண்டு. அவர் பெருமையாக நினைத்த மாபெரும் வரலாற்று ஓவியங்கள் சிலவற்றைவிட அந்தச் சின்னப் படங்களே எனக்கு உயர்வாகத் தெரிகின்றன.

இப்போது பள்ளிகளில் நடப்பது என்ன? பல பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்பது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் வகுப்பு. வரையத் தெரிந்த மாணவரோ, நடிகர் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் தாளிலும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்து எழுதுகிறார். பஞ்சால் தேய்த்து நிழலை வழவழப்பாக்கி, "தத்ரூபம்!" என்ற பாராட்டையும் வாங்கிவிடுகிறார். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக ஒளியைப் பார்த்துத் தேர்ந்தது காமிரா. மாணவர் அதைப் படியெடுத்தார். விலங்கியல் ரெக்கார்டு நோட்டிலும் இதே கதைதான். நுண்ணோக்கியில் தெரிவதை வரையாமல், சென்ற ஆண்டு அண்ணன் வரைந்த படத்தைப் பார்த்து வரைகிறோம். அண்ணன் யாரைப் பார்த்து வரைந்தாரோ! நரம்புச் செல்களை ஆராய்ந்து 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹால், சிறுவயதில் ஓவியராக விரும்பியவர். மருத்துவரான தந்தை அதற்கு இணங்கவில்லை. மனித எலும்புகளை வரைந்து பார்த்ததுதான் அவர் மனத்தை உடற்கூற்றியல் பக்கம் திருப்பியது. நுண்ணோக்கியின் அருகே அமர்ந்து அவர் வரைந்த நரம்புச் செல் படங்களை இன்றும் பாடநூல்களில் காணலாம்.

"எனக்கு வரைய வராது" என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஏதாவது ஒரு முகத்தின் படத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே வரையுங்கள். நேராக வரைந்ததைவிட அது சரியாக வந்திருப்பதைக் கண்டு பலர் திகைத்திருக்கிறார்கள். பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியை 1979-இல் எழுதிய நூலால் இந்தப் பயிற்சி புகழ்பெற்றது. மூளையின் இடது பாதி, வலது பாதி என்று அவர் கூறிய விளக்கம் மிகவும் எளிமைப்படுத்தியது என்று இன்று கருதப்படுகிறது. பயிற்சி மட்டும் நன்றாகவே வேலை செய்கிறது. முகங்களைக் கண்டவுடன் முனைந்து செயற்படும் ஒரு பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் உண்டு. முகத்தைத் தலைகீழாக்கினால் நம் அடையாளம் காணும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 1980-இல் பீட்டர் தாம்சன் என்ற உளவியலறிஞர், அன்றைய இங்கிலாந்துப் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படம் முழுவதையும் கவிழ்த்துப் பார்த்தால் ஏதும் தவறாகத் தெரியாது. நிமிர்த்தினால் முகம் கோரமாகிவிடும்! முகம் கவிழ்ந்திருக்கும்போது, 'எனக்கு இது தெரியும்' என்று சொல்லும் மனத்தின் குரல் அடங்கிவிடுகிறது. கண் கோணத்தையும் தூரத்தையும் பார்க்கத் தொடங்குகிறது.

இதில் பழகியபின் உயிருள்ள முகத்துக்கு வாருங்கள். ஒரு எச்.பி., ஒரு 4பி, சாதாரண வரைதாள் போதும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, ஜன்னல் வழியாகவோ திண்ணைப் பக்கமாகவோ வரட்டும். இரண்டு விளக்குகள் எரிந்தால் நிழல்கள் ஒன்றோடொன்று சண்டையிடும். முதலில் தலையின் சாய்வு. பிறகு நடுவில் கண்களின் இடம். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய இன்னொரு கண்ணின் அகலம் இருக்கும். ஆளுக்கு ஆள் இது சற்று மாறும். அந்த மாற்றத்தில்தான் ஆள் இருக்கிறார். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் அளந்து ஒப்பிடுங்கள். இமை மயிரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து பெரிய நிழல்கள் நிற்கும். அவற்றை முதலில் போடுங்கள். தவறான கோட்டை உடனே அழிக்காமல், சரியான கோட்டை அதன் பக்கத்தில் போடுங்கள். எவ்வளவு தவறினோம் என்பது தெரிந்தால்தான் அடுத்த கோட்டுக்கு வழி தெரியும். எதிரில் இருப்பவருக்குக் கழுத்து வலித்தால் நடுவில் எழுந்து போகட்டும். திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவதற்கு நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொள்ளலாம்.

முதல் படத்தில் சாயல் வராது. ஐந்தாவதிலும் வராமல் போகலாம். எந்தப் படத்தையும் கிழிக்க வேண்டாம். கிராஃபைட் கரியானதால் வெயிலில் நிறம் வெளுக்காது. தாள் பழுத்தாலும் கோடு அப்படியே இருக்கும். கை பட்டுத் தேயாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து நோட்டுக்குள் பத்திரப்படுத்துங்கள். பின்பக்கத்தில் வரையப்பட்டவரின் பெயரையும் வயதையும் தேதியையும் பென்சிலாலேயே எழுதுங்கள். பேனா மை நாளடைவில் ஊறி முன்பக்கம் தெரியத் தொடங்கிவிடும்.